மரக் குதிரையும் இரும்புக் குதிரையும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே ஏழெட்டு மைல் தொலைவில் பாலுசெட்டி சத்திரம் என்று ஓர் ஊர் வருகிறது. பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் பிரயாணம் செய்த ஜனங்கள் இளைப்பாறிப் போன இடம் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை. இப்போது அந்தச் சாலையில் பறக்கிறவர்களுக்கு இளைப்பாறும் உத்தேசமே கிடையாது. வேலூர் எப்போது வரும், கிருஷ்ணகிரி எப்போது வரும் என்பதுதான் அவர்களுடைய கவலை. அந்தக் கவலையைச் சற்றே ஒதுக்கி வைத்து விட்டுச் சாலையிலிருந்து உள்ளே திரும்புகிறவர்களுக்குத் திருப்புட்குழி காத்திருக்கிறது.

'புள்' என்றால் பறவை. புள்ளைக் குழியிலிட்ட இடம் புட்குழி. சீதையை மீட்பதற்காக இராவணனோடு போராடிச் சிறகிழந்து விழுந்த ஜடாயுவுக்கு ஸ்ரீராமன் தன் கையாலேயே ஈமக் கடன் செய்த ஸ்தலம் இதுதான் என்று இவ்வூரார் சொல்லுகிறார்கள். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள புள்ளம்பூதங்குடிக்காரர்களும் இதே உரிமையைக் கொண்டாடுகிறார்கள். இந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு கிழப் பறவைக்கு மரியாதை செய்ததைத் தங்கள் ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இரண்டு ஊர்கள் போட்டியிடுகின்றன என்பதே சந்தோஷமான விஷயம் அல்லவா?

நூற்றெட்டுத் திருப்பதிகளில் இது ஒன்று. திருமங்கையாழ்வாரால் பாடப் பெற்றது. வேதாந்த தேசிகர் 'பரமார்த்த ஸ்துதி' என்னும் ஸ்தோத்திரத்தை இந்த ஸ்தலத்துப் பெருமாள் மீதுதான் இயற்றினார். இளம் பிராயத்து இராமாநுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான் என்பது ஐதிகம். எதிரே ஜடாயு தீர்த்தம். உள்ளே ஜடாயுவைத் தாங்கிய கோலத்தில் விஜயராகவப் பெருமாள். தனிச் சந்நிதியில் மரகதவல்லித் தாயார். பிள்ளைப் பேறு வேண்டும் பெண்கள் இங்கே வந்து, வறுத்த பயறு தாயாரின் அருளால் முளைத்தால் தங்கள் எண்ணம் ஈடேறும் என்று நம்புகிறார்கள். வறுத்த பயறு முளைக்குமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக் கொண்டேயிருக்கிறார்கள். நம்பி வருகிறவர்களும் வந்து கொண்டேயிருக்கிறார்கள்.

மரக் குதிரை

இவ்வளவும் ஸ்தல புராணப் புத்தகத்தில் கிடைக்கும். நான் திருப்புட்குழிக்குப் போனதற்கு வேறொரு காரணம் உண்டு. அது இந்தக் கோயிலின் குதிரை வாகனம்.

கோயில்களில் குதிரை வாகனம் அதிசயமல்ல. முன்னங் கால்களைத் தூக்கிக் கொண்டு, கல்லாய்ச் சமைந்தது போல் நிற்கும் மரக் குதிரையை எத்தனையோ உற்சவங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் திருப்புட்குழிக் குதிரை 'கீல் குதிரை'. அங்கங்களைத் தனித் தனியாகச் செய்து கீல்களால் இணைத்திருப்பதால், பெருமாளைச் சுமந்து கொண்டு வீதியில் வரும்போது உயிருள்ள குதிரையைப் போலவே அசையும் என்கிறார்கள். இதைச் செய்த தச்சனிடம், "இதே மாதிரி எங்களுக்கும் ஒன்று செய்து கொடு" என்று வேறிடத்தார் கேட்டார்களாம். இன்னொன்று செய்வதில்லை என்று அவன் உறுதி பூண்டு, அந்த உறுதியிலேயே உயிரையும் விட்டானாம். அவனுடைய பக்தியை மெச்சி, உற்சவத்தின் எட்டாம் நாளன்று பெருமாள் அந்தச் சிற்பி பெயரால் வழங்கும் வீதிக்கு எழுந்தருளுகிறார் என்று ஊரார் சொல்லுகிறார்கள்.

வாகனத்தில் ஏறியவர், வாகனத்தைச் செய்தவனின் வீதியைத் தேடிக் கொண்டு போகிறார்! நாம் ஒரு மோட்டார் வண்டி வாங்கினால் அதைச் செய்த கைகளைப் பற்றி ஒரு நிமிஷமாவது நினைக்கிறோமா?

இரும்புக் குதிரை

இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததற்குக் காரணம், நான் ஏறிச் சென்ற வாகனம். அது 1960-களில் பம்பாயில் செய்த ஒரு ஜீப். என் நண்பர் ஒருவர் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், மட்டைகளுக்கும் கோழிகளுக்கும் நடுவே அது துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டு வாங்கினார். இரண்டு வருஷம் அதனோடு மல்லாடினார். வீட்டு அம்மாள் பேசாமலிருந்த நாட்களும் உண்டு. அளவுக்கு மேல் பேசிய நாட்களும் உண்டு. கடைசியில் வறுத்த பயறு முளைத்து விட்டது. வண்டி ஓடுகிறது.

ஜீப்பின் கதையே ஒரு புராணம். 1940-ஆம் ஆண்டு, ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருந்த சமயம், மேடு பள்ளம் பாராமல் ஓடக்கூடிய சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டியை நாற்பத்தொன்பதே நாட்களில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பாண்டம் என்ற சிறிய கம்பெனி அந்தக் கெடுவுக்குள் செப்டம்பர் 23-ந் தேதி வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தியது. ஆனால் பெருவாரியாகச் செய்யும் வேலை வில்லீஸ், போர்டு ஆகிய பெரிய கம்பெனிகளுக்குத்தான் போயிற்று. யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய 6,40,000 ஜீப்புகள் வெளிவந்தன. வழி கண்டவன் ஒருவன், வாழ்ந்தவன் வேறொருவன் என்பது உலகத்தில் புதிதல்லவே!

இந்த வண்டியின் சூட்சுமம் எளிது. சாதாரண மோட்டாரில் இஞ்சினின் பலம் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. அந்த இரண்டும் சேற்றில் சிக்கினால் இஞ்சின் அலறும், வண்டி நகராது. ஜீப்பிலோ, கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. அதன் நெம்புகோலைத் தள்ளினால் நான்கு சக்கரங்களுக்கும் பலம் போகும். மற்றொன்றைத் தள்ளினால் வேகம் குறைந்து இழுவை மிகுந்து விடும். பின் சக்கரம் வழுக்கினாலும் முன் சக்கரம் பிடித்து இழுக்கும்.

யுத்தம் ஓய்ந்த பின் இந்த வண்டி நம் தேசத்தில் குடியேறியது. மஹீந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் சேர்ந்து 1945-இல் 'மஹீந்திரா அண்டு முகம்மது' என்று ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். 1947-இல் வில்லீஸ் ஜீப்புகளைப் பகுதி பகுதியாகத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். தேசம் பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியானார். பின்னால் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். கம்பெனியின் பெயர் 1948-இல் 'மஹீந்திரா அண்டு மஹீந்திரா' என்று மாறிற்று. வெளியிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியது போய், நாளடைவில் பாகங்களையே இங்கே செய்யும் திறமை வந்தது. அணைக்கட்டு வேலைக்கும், காட்டிலாகாவுக்கும், தேர்தல் பிரசாரத்துக்கும், மலைத் தோட்டங்களுக்கும் ஜீப் போயிற்று. சண்டைக்குப் பிறந்த வண்டி சமாதானத்துக்கு உழைத்தது.

என் நண்பருடைய வண்டி 'சி.ஜே. 3பி' என்னும் வகை. வில்லீஸ் கம்பெனி இதை 1953-இல் வெளியிட்டது. இஞ்சின் உயரமானதாகையால் பானெட்டும் உயர்ந்து, மூக்கை நிமிர்த்திக் கொண்டிருக்கும். அமெரிக்காவில் 1968-இல் இந்த வகையைக் கைவிட்டார்கள். நம் நாட்டிலோ அதற்குப் பிறகும் வெகு காலம் செய்து கொண்டிருந்தார்கள்.

வாங்குவோர் கவனத்துக்கு

இந்த நேயர்களிலும் யாருக்காவது பழைய ஜீப் ஆசை இருக்கலாம். அவர்களுக்காக என் நண்பரின் பால பாடத்தை இங்கே சொல்லி வைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, காகிதத்தை. பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் விலை எவ்வளவு சகாயமாயிருந்தாலும் திரும்பிப் பாராமல் வந்து விட வேண்டும். ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டியானால் ஏலக் காகிதம் அவசியம். ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரையில் செய்த 'ஜோங்கா' என்னும் பெரிய வண்டிகள், நிஸ்ஸான் கம்பெனியின் பெட்ரோல் வண்டியைப் பின்பற்றியவை. அவை பல இவ்விதமாகவே தனியார் கைக்கு வந்திருக்கின்றன.

இரண்டாவது, சேஸிஸ். மேலேயுள்ள தகரம் ஓட்டையாயிருந்தால் கவலையில்லை. டிங்கர் வேலையில் சரியாகி விடும். கீழேயுள்ள சட்டம் துருப்பிடித்து உளுத்திருந்தால் அது உடம்பில் எலும்புருக்கி நோய் மாதிரி. சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும். கெட்ட இரும்பு 'தொப்' என்று முனகும்.

மூன்றாவதுதான் இஞ்சின். அது ஓடாவிட்டாலும் பாதகமில்லை. போரிங் செய்து, புதுப் பிஸ்டன் போட்டு எழுப்பி விடலாம். ஆனால் வேறு வண்டியின் இஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் மலிவாயிருந்த காலத்தில் பெட்ரோல் இஞ்சினை எடுத்தெறிந்து விட்டு டீசல் இஞ்சினைத் திணித்த ஜீப்புகள் ஏராளம். அந்த மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறாமலிருந்தால் வாங்குகிறவர் தலையில்தான் விடியும்.

வாங்கிய பிறகு தொடங்குகிறது தவம். பிரிக்குமுன் ஒவ்வொரு மூலையையும் படம் பிடித்துக் கொள்ள வேண்டும். கழற்றிய போல்ட்டுகளைத் தனித் தனி டப்பாவில் போட்டுப் பெயரெழுதி வைக்க வேண்டும். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூச வேண்டும். உளுத்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரத்தைப் பற்ற வைக்க வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவில் 'கோர்வை' என்று ஒன்று உண்டு. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து, இழைக்கு இழை கோத்து இணைப்பது. சேலை நைந்தாலும் கரை பிரியக் கூடாது என்பது அந்த வேலையின் லட்சணம். பழைய இரும்பையும் புதிய இரும்பையும் இணைக்கும் வேலையிலும் அதே லட்சணந்தான் வேண்டும். கிடைக்காத உதிரிப் பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் சந்துகளில் அலைய வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்து கொள்ள வேண்டும்.

வேஷம் போடலாமா?

வண்டி எழுந்து நின்றதும் ஓர் ஆபத்து வருகிறது. அதன் பெயர் அலங்காரம்.

"அகலமான டயர் போடுங்கள், பட்டைகளை உயர்த்திக் கட்டுங்கள், பவர் ஸ்டீரிங் வையுங்கள், நெற்றியில் எட்டு விளக்கு மாட்டுங்கள்" என்று சிநேகிதர்கள் யோசனை சொல்ல ஆரம்பித்து விடுகிறார்கள். பஞ்சாப், ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊர் இந்தக் கலைக்குப் பெயர் போனது. சொன்னது சொன்னபடி ஜீப்பைக் கட்டிக் கொடுக்கும் பட்டறைகள் அங்கே இருக்கின்றன. அவர்களுடைய கைத்திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! கம்பெனிக்காரர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், திட்டமாகச் சொல்லி விட்டது.

மறு பக்கத்தில், மாற்றாமல் காப்பாற்றுகிறவருக்கு ஒரு சலுகையும் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய சர்க்கார் பிறப்பித்த விதிகளின்படி, முதல் பதிவாகி ஐம்பது வருஷம் கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டியைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனியாகப் பதிவு செய்து கொள்ளலாம். சேஸிஸ், கூடு, இஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமில்லாமல் மூல ரூபத்தில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் தினந்தோறும் ஓட்டித் திரிய அனுமதி கிடையாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் போன்ற காரியங்களுக்கே வீதியில் இறங்கலாம். ஆகையால் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக் கொள்வதே நல்லது. என் நண்பர் அப்படித்தான் செய்திருக்கிறார்.

அலங்காரம் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு விதி. கழற்றினால் பழைய ரூபம் திரும்ப வர வேண்டும். ஆகவே இருக்கைக்குப் பெல்ட் போட்டார். மழைக்கு நல்ல கான்வாஸ் ஹூட் தைத்தார். இஞ்சினைத் தொடவில்லை.

அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பாலுசெட்டி சத்திரத்து டீக்கடையில் அதற்குப் பதில் கிடைத்தது. அங்கே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"ஏன் ஸார், பெட்ரோலா, டீசலா?"

"பெட்ரோல்தான், ஐயா."

"இஞ்சினை மாற்றச் சொல்லியிருப்பார்களே?"

"சொன்னார்கள். மாற்றவில்லை."

"நல்ல காரியம். மாற்றியிருந்தால் இது வேறு யாருடைய வண்டியோ ஆகியிருக்கும். நான் முப்பது வருஷம் ஸ்பிரிங் பட்டறையில் சம்மட்டி பிடித்தவன், ஸார். பட்டையைப் பார்த்தாலே எந்த ஊர் வளைவு என்று சொல்லி விடுவேன்."

"பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வந்தார்களா, ஐயா?"

"பையன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். அங்கே வண்டியை யந்திரம் செய்கிறது. அவன் யந்திரத்தைப் பார்த்துக் கொள்கிறான். நல்ல சம்பளம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டை உடைந்தால் அவனுக்கு அடிக்கத் தெரியாது."

அவர் குரலில் வருத்தமில்லை. கேட்ட எங்களுக்குத்தான் வருத்தம் வந்தது.

கைகளின் வீதி

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள இந்தப் பிரதேசம் இன்று மோட்டார் பிரதேசம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பெரும் தொழிற்சாலைகள். தெற்கே செய்யாற்றுக்கருகில், மஹீந்திரா கம்பெனியார் 450 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் புது வண்டிகளைச் சோதிப்பதற்காகப் பல விதமான ஓடு பாதைகளை அமைத்திருக்கிறார்கள். பழைய ஜீப்பின் பேரப் பிள்ளையாகிய 'தார்' வண்டி 2010-இல் பிறந்து, 2020-இல் புது உருவம் பெற்று, வாலிபர்களின் மனத்தைக் கவர்ந்திருக்கிறது. நம் நாட்டு யந்திரத் தொழில் இவ்வளவு தூரம் வளர்ந்ததைக் கண்டு பெருமைப்படாமல் இருக்க முடியாது.

ஆனால் வளர்ச்சியின் நிழலில் ஒன்று தேய்கிறது. கார்ப்பரேட்டரின் மூச்சைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக், தகரத்தைத் தட்டித் தட்டியே வளைவு கொண்டு வரும் டிங்கர், பட்டையைக் காய்ச்சி அடிக்கும் கருமான் ஆகியோருக்கு வாரிசு குறைந்து வருகிறது. பழைய வண்டி எத்தனை காலம் வாழும் என்பது அதன் இரும்பைப் பொறுத்ததல்ல. இந்தக் கைகளைப் பொறுத்தது. டார்ஜீலிங் மலையில் மானேபன்ஜங்கிலிருந்து சந்தக்பூ சிகரத்துக்கு ஏறும் கரடு முரடான பாதையில், 1950-களில் இங்கிலாந்தில் செய்த லாண்ட் ரோவர்கள் தலைமுறை தலைமுறையாக ஜனங்களையும் மூட்டைகளையும் சுமந்து வந்திருக்கின்றன. தேனி ஜில்லாவைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். அந்தப் பாதைகளில் வண்டி முறிந்தால் கம்பெனியின் பெரிய பட்டறை அருகில் இல்லை. டிரைவரே வைத்தியர், டிரைவரே தச்சர். வண்டிகள் அங்கே நீடித்து உழைப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆகையால் பழைய ஜீப்பைப் புதுப்பிக்க விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்லிக் கொள்வது இதுதான். பணத்தை வண்டியின் மேல் பூச்சில் கொட்டாதீர்கள். கைத்தொழிலாளியின் கையில் கொடுங்கள். அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பட்டறைக்கு உங்கள் பிள்ளையையும் அழைத்துப் போய், சாவி பிடிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு பையனை வேலைக்குப் பழக்குவாரானால், அந்தப் பையனுடைய கூலியிலும் ஒரு பங்கை ஏற்றுக் கொள்ளுங்கள். கண்காட்சியில் வண்டியை நிறுத்தும்போது, செய்த வருஷத்தையும் கம்பெனியின் பெயரையும் பலகையில் எழுதுவதோடு, அதை எழுப்பிக் கொடுத்தவரின் பெயரையும் எழுதுங்கள். வண்டி நன்றாக ஓடத் தொடங்கியதும் முதல் சவாரியை உதகமண்டலத்துக்கு வைத்துக் கொள்ள வேண்டாம். அவருடைய வீதிக்குப் போய், வாசலில் நிறுத்தி, அவரை ஏற்றிக் கொண்டு ஒரு சுற்று வாருங்கள்.

திருப்புட்குழித் தச்சன் இன்னொரு குதிரை செய்யவில்லை. அது அவன் எடுத்த முடிவு. நம் காலத்துத் தச்சர்களுக்கோ இன்னொன்று செய்ய ஆசை இருக்கிறது. செய்யச் சொல்லிக் கேட்பவர்கள்தான் வேண்டும்.